மலை இருந்தால் வணிகம் வந்துவிடுமா? கிரேக்கர் விஷயம்

ரோஸ்ஹில்வாசி:
பள்ளிப் பிள்ளைகளுக்குக் குறிப்பு தயாரிக்கிறேன். “கிரேக்கம் மலைநாடு, அதனால் கடலில் இறங்கினார்கள்” என்ற ஒரே வரிதான் எங்கும் கிடைக்கிறது. நடைமுறையில் பணமும் சரக்கும் எப்படி ஓடின? மொரிசியஸ் பிள்ளைகளுக்கு எட்டுகிற மாதிரி சொல்லுங்களேன்.

பழங்கணக்கு:
நம் தீவிலிருந்தே தொடங்குங்கள் ஐயா. சர்க்கரை கப்பலேறுகிறது, அரிசி கப்பலில் வந்து இறங்குகிறது. ஏதென்ஸைச் சுற்றிய அத்திக்காவும் அப்படித்தான். மண் மெலிசு, மழை குறைவு. ஒலிவம், திராட்சை நன்றாக வரும், பார்லி ஓரளவு, கோதுமை போதாது. கி.மு. 355 வாக்கில், போஸ்போரஸ் அரசிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 4 லட்சம் மெடிம்னோஸ் (அவர்கள் தானிய அளவை) தானியம் வருவதாக ஏதென்ஸ் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் சொல்கிறார். மெடிம்னோஸுக்குச் சுமார் 40 கிலோ என்றால் 16,000 டன். மேடையில் வாதாடியவர் சொன்ன கணக்கு, கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் போஸ்போரஸ் கிரிமியாப் பக்கம். இஸ்தான்புல் ஜலசந்தி அல்ல. பிள்ளைகள் இங்கேதான் வழுக்குவார்கள்.

கடல்வட்டி:
மலை பாதிக் காரணம்தான், மீதி கடன் பத்திரம். டெமாஸ்தனிஸ் பெயரில் உள்ள 35ஆம் உரையில் ஒரு பத்திரம் முழுசாகவே இருக்கிறது. கடன் 3,000 திராக்மா (கிரேக்க வெள்ளி நாணயம்), ஈடு மெண்டே ஊர் ஒயின் 3,000 ஜாடி. ஏதென்ஸிலிருந்து போஸ்போரஸ் போய்த் திரும்ப வட்டி 22.5%. சுவாதி நட்சத்திரம் விடியலில் எழுந்த பிறகு, அதாவது செப்டம்பர் நடுவுக்குப் பின், கருங்கடலை விட்டுக் கிளம்பினால் 30%. புயல் ஆபத்து அதற்குள் அடக்கம். ஊர் வந்து 20 நாளுக்குள் அடைக்க வேண்டும். சரக்கு கடலோடு போனால் கடனும் போச்சு.
இன்னொரு பூட்டும் உண்டு. ஏதென்ஸுக்குத் தானியம் கொண்டுவராத தானியக் கப்பலுக்கு அவ்வூர்க்காரர் யாரும் கடன் தரக்கூடாது என்று சட்டம்.

ரோஸ்ஹில்வாசி:
அப்படியானால் வேண்டுமென்றே கப்பலை மூழ்கடித்துவிட மாட்டார்களா?

கடல்வட்டி:
செய்தார்கள். 32ஆம் உரையில் வருகிற ஹெகெஸ்ட்ராடோஸ் சிசிலித் தீவின் சிராக்யூஸில் கடன் வாங்கிப் பணத்தை மசாலியாவுக்கு (இன்றைய பிரான்சின் மார்செய்) அனுப்பிவிட்டான். நடுக்கடலில், இரவில், கப்பலின் அடித்தளத்தை வெட்டினான். சத்தம் கேட்டு ஆட்கள் ஓடிவர, கடலில் குதித்தான். படகைத் தவறவிட்டு மூழ்கிச் செத்தான். பொய்ச்சரக்கு இதைவிட எளிய வழி: மேலே சொன்ன பத்திரத்தில் 3,000 ஜாடி, ஏற்றியது 450தான் என்று மாலுமியே சாட்சி சொன்னார்.

பழங்கணக்கு:
முசிறிப் பாப்பிரஸையும் (நாணல்தாளில் எழுதிய பத்திரம்) சேருங்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டு, கிரேக்க மொழி, முசிறிப் பயணத்துக்கான இதே வகைக் கடன். அலெக்சாந்திரியாவில் 25% சுங்கம். ஆனால் அது ரோமர் காலம், தனிப் பக்கமாகப் போடுங்கள்.