வி.ஆர். (மெய்நிகர் காட்சி) ஹெட்செட் மாட்டிக் கப்பலை இயக்கினால் குமட்டுகிறது, வெள்ளிக்கிழமை தேர்வு

புதுவரவு:
எல்லோருக்கும் வணக்கம். இந்த நாட்டுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. கரையிலிருந்தே கப்பலை இயக்கும் மையத்தில் வேலை. ஹெட்செட் மாட்டிய பத்தாவது நிமிடம் வியர்த்துக் குமட்டுகிறது. ஆறு வருடம் கடலில் இருந்தவன், ஒருநாளும் வாந்தி எடுத்ததில்லை. தேர்வில் தவறினால் விசாவும் போய்விடுமோ என்று தூக்கமில்லை.

பழையமாலுமி:
தம்பி, முதலில் உங்கள் எஸ்.டி.சி.டபிள்யூ. சான்றிதழ் (மாலுமிகளுக்கான சர்வதேசத் தகுதிச் சான்று) அங்கே செல்லுமா என்று பாருங்கள். எனக்கு அதற்கே ஐந்து மாதம் அலைச்சல். பேசக்கூட ஆளில்லாமல் கிடந்தேன்.

புதுவரவு:
சான்றிதழில் சிக்கல் இல்லை அண்ணா. குமட்டல்தான்.

கரைக்காற்று:
பழகினால் போய்விடும். நான் தினமும் ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டினேன்.

நீலவானம்:
தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். குமட்டல் தொடங்கியதுமே கழற்றிவிடுங்கள். நான் வீம்பாக உட்கார்ந்து, கடைசியில் ஹெட்செட்டைப் பார்த்தாலே வயிறு புரட்டியது.

பழையமாலுமி:
2018 டிசம்பரில் பின்லாந்தில் ஃபால்கோ என்ற படகை 50 கி.மீ. தள்ளி, துர்க்கு நகரில் உட்கார்ந்து, திரைகளைப் பார்த்தே இயக்கிக் காட்டினார்கள். ஹெட்செட் எதற்கு?

கரைக்காற்று:
இழுபடகில் பின்பக்கக் கயிற்றைப் பார்க்கத் தலையைத் திருப்பியாக வேண்டுமே. அதை விடுங்கள், புதிதாக வந்தவர்கள் தலையிலேயே எல்லா இரவு ஷிப்டும் விழுவதை யார் கேட்பது?

நீலவானம்:
எங்கள் மையத்திலும் அதே கதைதான். ஒரு மாதம் பகலையே பார்க்கவில்லை.

இயந்திரஅறை:
சரி, முக்கியமானதை யாரும் கேட்கவில்லை. கப்பலில் உள்ள கேமரா உங்கள் தலையோடு சேர்ந்து திரும்புகிறதா, அல்லது சுற்றிலும் பதித்த கேமராக்களின் படத்தை ஒட்டிக் காட்டுகிறார்களா? எந்த இணைப்பு?

புதுவரவு:
தலையோடு திரும்புகிறது. செயற்கைக்கோள் இணைப்பு, புவிநிலை (பூமியிலிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்கும் வகை) என்றார்கள்.

இயந்திரஅறை:
கோளாறு உங்களிடம் இல்லை தம்பி. அந்தச் செயற்கைக்கோள் சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. நீங்கள் தலையைத் திருப்பிய செய்தி கப்பலுக்குப் போய்ப் படம் வந்து சேர அரை நொடியாவது ஆகும். வி.ஆரில் 20 மில்லிநொடிக்குள் வர வேண்டும் என்பார்கள். ஒட்டிய படம் என்றால் காட்சி தாமதமாக வந்தாலும், தலை திரும்பியதும் ஹெட்செட்டே படத்தைத் திருப்பிவிடும்.

இன்னொன்று, கடலில் உங்கள் உடம்பும் சேர்ந்து ஆடியது. இங்கே கண்ணுக்கு எல்லாம் ஆடுகிறது, ஆட்டத்தை உணரும் உள்காதோ அசையாமல் உட்கார்ந்திருக்கிறது; இரண்டும் ஒத்துப்போகாததால் குமட்டுகிறது. தொடுவானத்தை நிலைநிறுத்தும் வசதியைப் போடச் சொல்லுங்கள். ஆனால் அப்புறம் கப்பல் எவ்வளவு சாய்கிறது என்பதே உங்களுக்குத் தெரியாது, அதனால் சாய்வுக் கோணம் எண்ணாகத் திரையில் ஓட வேண்டும். கண்மணிகளின் இடைவெளியை அளந்து லென்ஸையும் சரிசெய்யுங்கள். இதையெல்லாம் இன்றே மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சலில் எழுதி, தேர்வைத் திரையில் வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

புதுவரவு:
இப்போதே எழுதுகிறேன் அண்ணா. ஹெட்செட்டில் லென்ஸ் திருகு எந்தப் பக்கம் இருக்கும்?