பழைய சரக்கு டிரெய்லரைக் கண்ணீர்த்துளிக் கேம்பராக மாற்றுவது எப்படி?

கேள்வி: மிச்சிகனில் வசிக்கிறேன். 4 அடி அகலமும் 8 அடி நீளமும் கொண்ட பழைய சரக்கு டிரெய்லர் ஒன்றை வாங்கியுள்ளேன். இருவர் படுக்கும் அறையும், பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடையும் அமையுமாறு அதன்மேல் கண்ணீர்த்துளி வடிவக் கேம்பர் (காரால் இழுத்துச் செல்லும் சிறு படுக்கை வண்டி) கட்ட விரும்புகிறேன். பிளைவுட் வாங்குமுன் எவற்றைச் சோதிக்க வேண்டும்?

பதில் 1: முதலில் சட்டத்தின் வெல்டிங் இணைப்புகளைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், துரு செதில் செதிலாக உதிர்ந்தால் மரவேலையைத் தொடங்கவே வேண்டாம். பிறகு ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றுங்கள். கரகரவென்று ஒலித்தால் பேரிங்கை மாற்ற வேண்டும். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி 4 இலக்கங்கள் தயாரிப்புக் காலத்தைக் காட்டும்: 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

பதில் 2: எடைப் பகிர்வையும் கவனியுங்கள். மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு காரின் இணைப்புக் கொக்கியில் இறங்க வேண்டும். அதற்குக் குறைந்தால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். சமையல் மேடை பின்னால் இருப்பதால் தண்ணீர்க் கேனையும் ஐஸ் பெட்டியையும் அங்கேயே அடுக்கத் தோன்றும். நானும் அப்படித்தான் அடுக்கினேன். முதல் பயணத்திலேயே பயந்துபோய், பேட்டரியை முன்புறத்துக்கு மாற்றினேன்.

கேட்டவர்: நன்றி. என் டயரில் 0911 என்றிருக்கிறது, இரண்டையும் மாற்றிவிடுகிறேன். கூரையில் காற்றுத்திறப்பு அவசியமா?

பதில் 2: கட்டாயம் வையுங்கள். மூடிய சிறிய அறையில் இருவர் ஓரிரவு மூச்சுவிட்டாலே, விடியற்காலையில் கூரையிலிருந்து நீர் சொட்டும்.