டஃப்னெஸ், அக்ரெஷன்: தாங்கு வரிசைக்கு இரண்டு சொற்கள்

அனுப்புநர்: கொலம்பஸ், ஒஹாயோ
பொருள்: கல்லூரிக் கால்பந்துச் சொற்பட்டியல், முன்வரிசைப் பகுதி

குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துக்கான தமிழ்ச் சொற்பட்டியலில் ஆட்ட இடங்களின் பெயர்கள் ஓரளவு முடிந்தன. பந்து வீசும் குவார்ட்டர்பேக்கை அப்படியே விட்டாயிற்று. சிக்கல் அவருக்கு முன்னால் குனிந்து நிற்கும் ஐந்து பேரிடம்: நடுவில் சென்டர், இரு பக்கமும் கார்டு, அதற்கு வெளியே டேக்கிள். இவர்களைப் பற்றிய எந்தக் கட்டுரையை எடுத்தாலும் டஃப்னெஸ், அக்ரெஷன் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களும் இல்லாமல் இருப்பதில்லை. முதல் வரைவில் "கடினத்தன்மை", "ஆக்ரோஷம்" என்றும், வரிசைக்குத் "தாக்குதல் வரிசை" என்றும் போட்டிருக்கிறேன். எனக்கே திருப்தி இல்லை. அக்கா, நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். எதிராளியை முதுகு தரையில் பட வீழ்த்தும் பான்கேக் பிளாக் என்பதற்கும் ஏதாவது கொடுங்கள்; "தோசைத் தடுப்பு" என்று எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
கொலம்பஸ்

———

அனுப்புநர்: ஆன் ஆர்பர், மிச்சிகன்
பொருள்: மறு: கல்லூரிக் கால்பந்துச் சொற்பட்டியல், முன்வரிசைப் பகுதி

தம்பி, ஒஹாயோக்காரர் கேட்டு மிச்சிகன்காரி பதில் சொல்வது இந்த ஊர் வழக்கப்படி பெருங்குற்றம். மிச்சிகனும் ஒஹாயோ ஸ்டேட்டும் மோதும் நவம்பர் கடைசி சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்பதால் சொல்கிறேன்.

> தாக்குதல் வரிசை

இது வேண்டாம். பந்து வைத்திருக்கும் அணி தாக்கும் அணி என்பது சரிதான். ஆனால் இந்த ஐவரில் சென்டர் மட்டும் பந்தைக் கால் இடுக்கு வழியாகப் பின்னால் கொடுக்கிறார். மற்ற நால்வர் பந்தைத் தொடாமலே ஆட்டம் முடிந்துவிடும். 50 முதல் 79 வரை எண் போட்டவர்கள் முன்னோக்கி வீசும் பந்தை வாங்கவும் விதி இடம் தராது. பந்து வீசுபவர்மேல் எதிராளி வந்து விழாமல் மறிப்பதும், பந்தோடு ஓடுபவருக்கு வழி திறந்து கொடுப்பதும்தான் இவர்கள் பிழைப்பு. தாக்குதல் வரிசை என்றால் நம் வாசகர் கோல் போடுகிற ஆளை நினைத்துக்கொள்வார்.

குறளில் படைமாட்சி அதிகாரத்தைப் பாருங்கள்: "தார்தாங்கிச் செல்வது தானை தலைவந்த போர்தாங்கும் தன்மை அறிந்து". எதிரியின் முன்னணிப் படையைத் தன்மேல் வராமல் தடுத்து, தான் அதன்மேல் செல்வது என்று பரிமேலழகர் உரை போகிறது. தடுப்பதும் முன்னேறுவதும் ஒரே வினையாக வருகிறது பாருங்கள். இந்த ஐவரின் வேலை அதேதான். ஆனால் முன்னணிப் படையைக் குறிக்கும் "தார்" என்பதை எடுத்தால் ரோடு போடும் தார் ஞாபகம் வரும். உரையில் அதே பொருளில் இருக்கும் "தூசி" அதைவிட மோசம். வினையை மட்டும் எடுத்துக்கொண்டு "தாங்கு வரிசை" என்று வைத்தால் எந்த இடைஞ்சலும் இல்லை.

> கடினத்தன்மை

பொறியியல் படித்தவர் காதில் இது ஹார்ட்னெஸ். கீறினால் கீறாத தன்மை. கண்ணாடிகூடக் கடினம்தான், கீழே போட்டால் சில்லு சில்லாகப் போய்விடும். தாங்கு வரிசையில் கேட்பது வேறு. ஓர் ஆட்டத்தில் அறுபது, எழுபது தடவை நூற்றிருபது, நூற்று முப்பது கிலோ ஆள் ஒருவன் நெஞ்சில் வந்து மோதுவான். மோதி முடிந்ததும் எழுந்து, அடுத்த குறிப்பைக் கேட்டு, மறுபடி குனிந்து நிற்க வேண்டும். எழுபதாவது தடவையும் முதல் தடவை மாதிரியே நிற்கிறானா என்பதுதான் கேள்வி.

2023 நவம்பர் 25, மிச்சிகனும் ஒஹாயோ ஸ்டேட்டும். (உங்களுக்குப் பிடிக்காத உதாரணம், மன்னிக்கவும்.) மூன்றாம் கால் பகுதியில் மிச்சிகனின் வலது கார்டு ஸாக் ஸின்டருக்குக் கால் முறிந்தது. அரங்கமே எழுந்து நின்றது, அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். டேக்கிளாக இருந்த கார்சன் பார்ன்ஹார்ட் உள்ளே நகர்ந்து கார்டு ஆனார். டேக்கிள் இடத்துக்கு ட்ரென்டி ஜோன்ஸ் வெளியிலிருந்து வந்தார். அடுத்த நகர்விலேயே மிச்சிகனின் பிளேக் கோரம் பந்தோடு 22 கெஜம் ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டினார், டச்டவுன். ஆட்டம் 30-24, மிச்சிகனுக்கு. பக்கத்தில் நின்றவன் கால் முறிந்து கிடந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, ஆள் மாறிய வரிசை, முதல் அடியிலேயே வழி திறந்தது. டஃப்னெஸ் என்று இங்கே சொல்வது அதை.

பழைய சொல் ஒன்று கச்சிதமாகப் பொருந்தியிருக்கும்: வன்கண். "உலைவிடத்து ஊறஞ்சா வன்கண்" என்று அதே அதிகாரத்தில் வருகிறது. கேடு வந்த இடத்திலும் காயத்துக்கு அஞ்சாத உறுதி. ஆனால் இன்றைக்கு வன்கண்மை என்றால் ஈரமில்லாத கொடுமை என்றுதான் பொருள் படுகிறது. இந்த ஆட்டத்தில் அந்தக் குழப்பத்துக்கு இடம் கொடுக்கவே கூடாது, ஏனென்றால் ஆங்கிலத்திலேயே அந்தக் குழப்பம் ஆளைக் கொன்றிருக்கிறது. 1954-இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பயிற்சியாளராக வந்த பேர் பிரையன்ட், ஜங்ஷன் என்ற வறண்ட ஊருக்குப் பையன்களைக் கூட்டிக்கொண்டு போய், வெயிலில் தண்ணீர் கொடுக்காமல் பயிற்சி நடத்தினார். கூட்டம் கூட்டமாக ஓடிப்போனார்கள். மிஞ்சியவர்களைக் கொண்டு அந்த ஆண்டு பத்து ஆட்டத்தில் ஜெயித்தது ஒன்று. அதையும் டஃப்னெஸ் கதையாகத்தான் பல காலம் சொன்னார்கள். 2018 மே மாதம் மேரிலேண்ட் பல்கலைக்கழகத்தில் ஓட்டப் பயிற்சியின்போது வெப்பத் தாக்குதலில் விழுந்த ஜோர்டன் மெக்நேர் இரண்டு வாரத்தில் இறந்தார். வயது 19. அவரும் தாங்கு வரிசைக்காரர். பல்கலைக்கழகம் சட்டப் பொறுப்பையும் தார்மிகப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டது. தலைமைப் பயிற்சியாளர் அந்த அக்டோபரில் நீக்கப்பட்டார். ஆகவே கொடுமையின் வாடை அடிக்கும் சொல் எதுவும் வேண்டாம். ஒருவன் தாங்குவது வேறு, அவன்மேல் இன்னொருவன் சுமத்துவது வேறு.

என் பரிந்துரை "திடம்". உடம்புக்கும் சொல்கிறோம், மனசுக்கும் சொல்கிறோம். வைரம் பாய்ந்த கட்டை என்று ஊரில் சொல்வார்களே, அந்த "வைரம்" எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் தலைப்பில் "கார்டுக்கு வைரம் போதவில்லை" என்று வந்தால் நகைக்கடை விளம்பரம் ஆகிவிடும்.

> ஆக்ரோஷம்

இதில்தான் வேலை அதிகம். ஆக்ரோஷத்தில் கோபம் இருக்கிறது. கிரிக்கெட் வர்ணனைக்காரர்கள் விக்கெட் விழுந்ததும் கத்துகிறவனை ஆக்ரோஷமானவன் என்கிறார்கள். தாங்கு வரிசையில் கோபப்படுகிறவனைப் பயிற்சியாளர் வெளியே உட்கார வைப்பார். சைகைக்கு முன்னால் அசைந்தால் 5 கெஜம் போச்சு. எதிராளியைப் பிடித்து இழுத்தால் 10 கெஜம். விசில் ஊதிய பிறகு ஒருத்தன்மேல் விழுந்தால் 15 கெஜம். கோபத்தின் விலை அணிக்குத்தான் வந்து சேரும்.

வரிசையாக ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். "முரட்டுத்தனம்": அந்த 15 கெஜத் தண்டனையின் பெயரே அதுதான், அதை எப்படிப் பாராட்டாகச் சொல்வது? "மூர்க்கம்": தலைகால் தெரியாதவனுக்குச் சொல்வது. ஸ்டான்ஃபோர்டுக்காரர்கள் "அறிவார்ந்த மூர்க்கம்" என்கிற மாதிரி ஒரு முழக்கம் வைத்திருந்தார்கள்; மூர்க்கத்துக்கு முன்னால் ஒரு அடைமொழி ஒட்டினால்தான் அவர்களுக்கே பொருள் வந்தது. "பாய்ச்சல்": கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பாய்கிறவன் இந்த வேலையில் தோற்கிறவன். எடை முன்காலுக்குப் போய்விட்டால் எதிராளி ஒதுங்கிக்கொள்வான், இவன் மண்ணைக் கவ்வுவான். "விடாப்பிடி": இன்னும் அழகு. ஆனால் பிடித்தாலே தண்டனை!

"முட்டு" என்று ஒன்று யோசித்து ரொம்ப நேரம் மயங்கிக் கிடந்தேன். காளை முட்டுவதும் முட்டு, சுவருக்குக் கட்டை வைத்து நிறுத்துவதும் முட்டு. ஆனால் தலையால் முதலில் மோதுவதைக் கல்லூரி விதி 1976-இலேயே தடை செய்தது. கழுத்தெலும்பு உடைந்து செத்தவர்கள் அவ்வளவு பேர். போதாக்குறைக்கு இன்றைய முகநூலில் முட்டுக்கொடுப்பது என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

கிட்டப்போய்ப் பார்த்தால் இது என்ன செயல்? இரு வரிசைக்கும் நடுவே இருப்பது ஒரு பந்தின் நீளம், 11 அங்குலம். சைகை வந்ததும் முதல் அடி ஒரு சாண்கூட இருக்காது. இரண்டு உள்ளங்கையும் எதிராளியின் மார்புக்கவசத்துக்குள், தோளுக்கு உள்ளே. இடுப்பு அவனுடையதைவிடத் தாழ. அப்புறம் கால்: குட்டிக் குட்டி அடிகள், நிற்கவே கூடாது. பெரும்பாலானவர்கள் மோதியதோடு வேலை முடிந்தது என்று காலை நிறுத்திவிடுவார்கள். பந்து பத்து கெஜம் தள்ளிப் போன பிறகும் விசில் கேட்கும்வரை காலை ஓட்டிக்கொண்டே இருப்பவனைத்தான் அக்ரெசிவ் என்கிறார்கள். நோட்ர டேமில் ஆடிய கார்டு குவென்டன் நெல்சனின் பழைய காணொளிகளைப் போட்டுப் பாருங்கள். முகத்தில் ஒன்றும் இருக்காது, கால் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

அணியாகப் பார்க்க வேண்டுமென்றால் 2023-இல் பென் ஸ்டேட்டில் நடந்ததைப் பாருங்கள். இரண்டாம் கால் பகுதியில் ஒரு கட்டத்துக்குப் பிறகு மிச்சிகனுக்குக் கணக்கில் ஏறிய வீச்சு ஒன்றுகூட இல்லை. தொடர்ந்து 32 நகர்வு ஓட்டம்தான். அரங்கத்தில் இருந்த லட்சம் பேருக்கும் அடுத்தது ஓட்டம் என்று தெரியும், எதிரணிக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை, மிச்சிகன் 24-15 என்று ஜெயித்தது.

இதற்கு நான் சொல்வது "முனைப்பு". முனை என்றால் போர்முகம், முனைதல் என்றால் எதிர்த்து நிற்றலும் ஒன்றில் இறங்குதலும். கோபம் இல்லை, முன்னோக்கு இருக்கிறது, தொடங்குகிறவன் நான் என்பது இருக்கிறது.

பான்கேக்குக்குத் தோசை வேண்டாம், தம்பி. எதிராளியை முதுகு தரையில் படக் கிடத்துவதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது: மல்லாத்துதல். "ஆளை மல்லாத்திட்டான்" என்று எந்த ஊரிலும் சொல்வார்கள். உங்கள் ஊர் டேக்கிள் ஒர்லாண்டோ பேஸுக்காக 1996-இல் ஒஹாயோ ஸ்டேட் அச்சடித்து விநியோகித்ததே பான்கேக் காந்தங்கள், அதைத் தமிழில் எழுதும்போது மட்டும் பான்கேக் என்ற பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். தாங்கு வரிசைக்காரர் ஒருவர், ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாக்கெடுப்பில் நான்காவது வந்த கதை அது, விட்டுவிடக் கூடாது.

அன்புடன்,
ஆன் ஆர்பர்

———

அனுப்புநர்: கோவை
பொருள்: மறு: மறு: கல்லூரிக் கால்பந்துச் சொற்பட்டியல், முன்வரிசைப் பகுதி

அம்மையீர்,

விளையாட்டை நான் அறியேன். சொல்லைப் பற்றி மட்டும்.

"தாங்கு வரிசை" நன்று. "மல்லாத்துதல்" மிக நன்று. "திடம்" வடசொல், நம்மிடம் "திண்மை" இருக்க அதற்கென்ன தேவை? மனத்திண்மை என்று எல்லாரும் எழுதுகிறார்கள். "முனைப்பு" பொருளால் சரி, எடையால் குறைவு. பள்ளி மதிப்பீட்டு அட்டையில் "படிப்பில் முனைப்புத் தேவை" என்று எழுதுகிறார்கள். நீங்கள் விவரித்த ஆளுக்கு அது போதாது. நீங்கள் காட்டிய அதே படைமாட்சியில் "மறமானம் மாண்ட வழிச்செலவு தேற்றம்" என்று படைக்கு அரணானவற்றில் முதலாவதாக நிற்பது மறம். அதை ஏன் தாண்டிப் போனீர்கள்?

கோவை

———

அனுப்புநர்: ஆன் ஆர்பர், மிச்சிகன்
பொருள்: மறு: மறு: மறு: கல்லூரிக் கால்பந்துச் சொற்பட்டியல், முன்வரிசைப் பகுதி

ஐயா, வணக்கம்.

மறத்தைத் தாண்டிப் போகவில்லை, பயந்து ஒதுங்கினேன். இன்றைய வாசகருக்கு அறத்தின் எதிர்ச்சொல் மறம். "இந்தக் கார்டிடம் மறம் அதிகம்" என்றால் ஏதோ வழக்கில் மாட்டியவர் என்று நினைப்பார். எடை குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டையும் சேர்த்து "மறமுனைப்பு" என்று போடலாமா? பட்டியலில் முழுச் சொல், கட்டுரைக்குள் ஓடும்போது "முனைப்பு" மட்டும்.

திண்மை விஷயத்தில் உங்களோடு சண்டைக்கு வரவில்லை. ஆனால் திண்மம் என்று பள்ளியில் ஒன்று இருக்கிறதே. "திண்மையான டேக்கிள்" என்றால் எடை அதிகம் என்று கொள்வார்கள். இங்கே எடையும் திடமும் ஒன்றல்ல என்பதுதான் முக்கியம். சிறந்த தாங்கு வரிசைக்கென்று 2015 முதல் தரப்படும் ஜோ மூர் விருதை 2024-இல் வாங்கியது ஆர்மி. ராணுவ மாணவர்கள், பெரிய பல்கலைக்கழகங்களின் வரிசைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் இளைத்தவர்கள். அந்த விருது தனியாளுக்குக் கிடையாது, வரிசைக்கு மொத்தமாக என்பதும் நம் பதிவில் வர வேண்டும். நால்வர் திடமாக நின்று ஐந்தாமவர் கோட்டைவிட்டால் பந்து வீசுபவர் தரையில்தான்.

இரண்டையும் பதிவில் வைக்கிறேன்:

திடம் (திண்மை): தொடர்ந்து மோதல் பட்டும், வலியிலும் களைப்பிலும், தன் இடத்தையும் வேலையையும் விடாமல் செய்யும் உறுதி. காயத்தை மறைத்து ஆடுவதையோ, தண்ணீர், ஓய்வு மறுக்கும் பயிற்சியையோ குறிக்காது.

மறமுனைப்பு (முனைப்பு): மோதலைத் தானே தொடங்கி, விதிக்குள் நின்று, விசில்வரை காலை நிறுத்தாமல் எதிராளியைத் தள்ளிச்செல்லும் தன்மை.

மல்லாத்துதல்: மறிக்கும்போது எதிராளியை முதுகு தரையில் படக் கிடத்துதல்.

அன்புடன்,
ஆன் ஆர்பர்

———

அனுப்புநர்: கொலம்பஸ், ஒஹாயோ
பொருள்: மறு: மறு: மறு: மறு: கல்லூரிக் கால்பந்துச் சொற்பட்டியல், முன்வரிசைப் பகுதி

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. மூன்றையும் ஏற்றிவிட்டேன்.

ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் வேண்டும் என்று வார்ப்புரு கேட்கிறது. திடம் என்பதற்கு நேராகப் பொருந்துவது, 2021-இல் மிச்சிகன் 42-27 என்று ஜெயித்த பிறகு அவர்களுடைய தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் ஜோஷ் காட்டிஸ் எங்களைப் பற்றிச் சொன்னதுதான்: நளினமான அணி, திடமான அணி இல்லை என்று. அதை என் கையால் தட்டச்சு செய்ய மனம் வரவில்லை. அக்கா, அந்த ஒரு வரியை நீங்களே உள்ளிட்டுவிடுங்கள். மறமுனைப்புக்கு நான் பேஸை வைத்துக்கொள்கிறேன்.

அடுத்த இழை: ஹோல்டிங், எதிராளியைப் பிடித்து இழுக்கும் அந்த 10 கெஜத் தவறு. "பிடித்தல்" என்று போட்டால் பந்தைப் பிடிப்பதோடு குழம்புகிறது. "பற்றியிழுத்தல்" எப்படி?

கொலம்பஸ்