பல்லறை இசை: லேட்டன்சிக்கும் டிரிஃப்ட்டுக்கும் ஒரே சொல்லா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அறைதோறும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் ஒலிக்கவைக்கும் ஸ்னாப்காஸ்ட் மென்பொருளுக்கான தமிழ் உதவிக் குறிப்பின் வரைவைப் பார்த்தேன். வீடு முழுக்க வைஃபை வழியே ஒரே பாட்டு ஒலிக்கும் ஏற்பாட்டுக்குப் ‘பல்லறை இசை’ போதும். ‘சிங்க்’குக்கு ஒத்திசைவு, அது போனிலேயே பழகிவிட்டது. ஆனால் லேட்டன்சி (மாறாமல் பிந்துவது), டிரிஃப்ட் (நேரம் ஆக ஆகப் பிரிவது) இரண்டையும் ‘தாமதம்’ என்று எழுதியிருப்பது வினையாகும். நோய் வேறு, மருந்தும் வேறு.

கூடத்தில் ராஸ்பெரி பை என்ற சிறு கணினி, அதில் ஒரு யூஎஸ்பி டாக் (டிஜிட்டல் ஒலியை ஸ்பீக்கருக்கு ஏற்ப மாற்றும் கருவி). சமையலறையில் இன்னொரு பை, அதன் பின்னால் ஒலியைத் தானும் பதப்படுத்தி வெளியிடும் சவுண்ட்பார். அந்த சவுண்ட்பார் 40 மில்லிநொடி பிந்துகிறது என்றால் இன்றும் 40, நாளையும் 40. கிளையண்ட் (அறையில் ஒலியை வாங்கி இசைக்கும் நிரல்) அமைப்பில் லேட்டன்சி 40 என்று இட்டால் அந்த அறைக்கு ஒலி அவ்வளவு முன்கூட்டியே போய்விடும். வேலை முடிந்தது.

டிரிஃப்ட் அப்படி நிற்காது. ஒவ்வொரு டாக்கும் தன் குவார்ட்ஸ் படிகத்தின் வேகத்தில் ஓடுகிறது. இரண்டு படிகங்களுக்கு இடையே பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால்கூட மணிக்கு 180 மில்லிநொடி. திருத்தாமல் விட்டால், ஒன்றாகத் தொடங்கிய அறைகள் ஒரு மணி நேரத்தில் எதிரொலி போடும். ‘தாமதம்தானே’ என்று லேட்டன்சி எண்ணைத் திருகினால் சற்று நேரம் அடங்கும், மறுபடி பிரியும்.

என் பரிந்துரை: லேட்டன்சி – சுணக்கம், டிரிஃப்ட் – விலகல்.

– க.

> லேட்டன்சி – சுணக்கம்

சம்மதம். யாழ்ப்பாணத்தில பஸ் பிந்தினாலே ‘சுணங்கிப் போச்சு’ எண்டுதான் சொல்லுவம். ‘பணிகளில் சுணக்கம்’ என்ற நாளிதழ் வாடை தமிழ்நாட்டு ஆக்களுக்கு அடிக்கலாம், பரவாயில்லை.

> டிரிஃப்ட் – விலகல்

இது வேண்டாம். அறைகளைக் குழுவாகச் சேர்க்கிற திரையில ‘விலகு’ எண்டு ஒரு பொத்தான் வரும். பக்கத்திலேயே ‘விலகல்’ எண்டால் ஆர் என்னத்தை அமத்துவினம்? ‘நழுவல்’ எப்படி?

– செ.

‘லயப்பிசகு’ என்று வைக்கலாமே? பாட்டு சம்பந்தப்பட்ட இடம், பொருத்தமாக இருக்கும்.

– ரா.

ரா. ஐயாவுக்கு: லயப்பிசகு என்றால் பாடினவர் மேல் பழி விழும்! கடிகாரம் நழுவுகிறது, பாட்டு அல்ல. ‘கடிகார நழுவல்’ என்று முழுதாக எழுதினால் குழப்பமில்லை. முந்துவதும் பிந்துவதும் இரண்டும் அதில் அடங்கும்.

இன்னொன்று. இந்தச் சொல் திரையில் வரவே வேண்டாம், உதவிக் குறிப்பில் இருந்தால் போதும். எல்லா அறைக்கும் பாட்டை அனுப்பும் ஸ்னாப்காஸ்ட் சர்வர் ஒவ்வொரு ஒலித் துண்டிலும் நேர முத்திரை இடுகிறது. கிளையண்ட் சர்வரின் நேரத்தோடு ஒப்பிட்டு, நழுவியிருந்தால் ஓரிரு மாதிரிகளை (ஒலியின் மிகச் சிறு அளவீடுகளை) விட்டோ கூட்டியோ சரிக்கட்டுகிறது. 48,000 ஹெர்ட்ஸில் மேற்சொன்ன 50 பங்குக்கு நொடிக்கு இரண்டு மூன்று மாதிரிகள்தான், காதுக்குத் தெரியாது. அதையும் மீறி அறைகள் பிரிந்தால் பெரும்பாலும் காரணம் வெளியே இருக்கும்: சர்வர் வழியாகப் போகாமல் அறைக்கு அறை தனித்தனியே இணைய வானொலியைத் திறந்திருப்பார்கள், அல்லது கடைசியில் ப்ளூடூத் ஸ்பீக்கர் இருக்கும். ப்ளூடூத்தின் சுணக்கம் நூறு மில்லிநொடியைத் தாண்டுவது சகஜம், மறுபடி இணைக்கும்போது மாறவும் மாறும்.

எது என்று பிரித்தறிய ஒரு சோதனையும் சேர்க்கலாம். மெட்ரோனோம் டிக் ஒலியை ஓடவிட்டு, இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் போனை வைத்துப் பதிவுசெய்து, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரண்டு டிக்குகளின் இடைவெளியை அளக்கவும். ஒரு மணி நேரம் கழித்து மீண்டும். 35, 35 என்று வந்தால் சுணக்கம். 5 என்பது 60 ஆனால் நழுவல். சம தூரம் முக்கியம்: ஒலி 3.4 மீட்டர் கடக்கவே 10 மில்லிநொடி ஆகும்.

– க.

வந்த ஒலியைச் சற்று நேரம் தேக்கிவைக்கும் பஃபருக்கு வரைவில் ‘இடையகம்’. நான் ‘தாங்கல்’ என்பேன். வேடந்தாங்கல் போன்ற தாங்கல்கள் எல்லாம் வரத்து ஒழுங்கில்லாத நீரைத் தேக்கிச் சீராக விடும் ஏரிகள்தானே. வேதியியலிலும் தாங்கல் கரைசல் உண்டு.

அந்தப் பத்தியில் ஒரு திருத்தம். பாட்டு விட்டுவிட்டு வந்தால் உடனே தாங்கலைக் கூட்டச் சொல்கிறது வரைவு. முதலில் ராஸ்பெரி பையில் வைஃபையின் ‘பவர் சேவ்’ (மின்சேமிப்பு) அமைப்பை அணைக்க வேண்டும். வைஃபையில் வரும் தரவுப் பொதிகள் திடீரென்று பிந்துவதற்கு அது அடிக்கடி காரணம். பிறகு 2.4 கிகாஹெர்ட்ஸ் நெரிசலா, 5 கிகாஹெர்ட்ஸ் கான்கிரீட் சுவரைத் தாண்டவில்லையா என்று பார்க்கலாம். அதற்கும் மசியாவிட்டால்தான் தாங்கலை 1000 மில்லிநொடியிலிருந்து 1500 ஆக்கலாம். விலை உண்டு: ‘நிறுத்து’ அமுக்கி ஒன்றரை நொடி கழித்தே பாட்டு நிற்கும். டிவி படத்துக்கு இந்த ஏற்பாடு ஆகவே ஆகாது, உதடும் ஒலியும் சேராது.

கிளையண்டுக்குச் சர்வரே தென்படாவிட்டால் அது வேறு கதை. ரௌட்டரில் ஏபி ஐசொலேஷன் (வைஃபை கருவிகள் ஒன்றோடொன்று பேசாமல் தடுக்கும் வசதி) அணைந்திருக்க வேண்டும், சர்வரின் ஃபயர்வாலில் 1704 போர்ட் திறந்திருக்க வேண்டும்.

– ரா.

தாங்கலுக்கு என் ஓட்டும். திரையில் ‘சுணக்கம் (மி.நொ.)’, ‘தாங்கல் (மி.நொ.)’, குறிப்பில் ‘கடிகார நழுவல்’. ஜிட்டருக்கு (பொதிகள் வந்துசேரும் நேரம் ஏறி இறங்குவதற்கு) ‘நடுக்கம்’ என்று யாரோ எழுதியிருக்கிறார்கள், குரல் நடுங்குவதாகப் படுகிறது. வேறு சொல் கிடைக்கும்வரை ஜிட்டர் என்றே விட்டுவைக்கிறேன்.

– க.