கலைச்சொல்: ‘என்டி ஃபில்டர்’ - ஒளிதணிப்பி எனலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

முதுகுப்பையோடு மலையேறி ஆறும் அருவியும் படமெடுப்பவர்களுக்கான கையேட்டுக்குச் சொல் தேடுகிறோம். லென்ஸ் முன்னால் மாட்டும் என்டி ஃபில்டரை ‘நடுநிலை அடர்த்தி வடிகட்டி’ என்று எழுதி வருகிறார்கள். மூன்று சொல்லையும் படித்த பிறகும் அந்தக் கண்ணாடி என்ன செய்கிறது என்று புரிவதில்லை. வடிகட்டி என்றால் ஒன்றை நிறுத்தி இன்னொன்றை விட வேண்டும். சிவப்புக் கண்ணாடி அப்படிச் செய்கிறது. இதுவோ எந்த நிறத்தையும் பிரிக்காமல் வரும் ஒளி முழுவதையும் ஒரே விகிதத்தில் குறைக்கிறது. அதனால் ‘ஒளிதணிப்பி’ என்று பரிந்துரைக்கிறேன். சுருக்கமாகத் ‘தணிப்பி’. இணைப்பது இணைப்பி என்றால் தணிப்பது தணிப்பி.

சொல் எங்கே பயன்படப்போகிறது என்பதையும் பார்ப்போம். உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்கில் காலை ஏழு மணிக்குத்தான் வாயில் திறக்கும். மாலை ஐந்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும், உள்ளே இரவு தங்க முடியாது. ஆகவே புஷ்பாவதி ஆற்றை விடியற்கால மங்கல் ஒளியில் எடுக்கும் வாய்ப்பே இல்லை, பகல் ஒளியோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். மேகம் மூடிய பகலில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 100, லென்ஸின் துளை எஃப்/11 என்றால் ஷட்டர் ஏறத்தாழ 1/30 நொடி திறக்கும். வெயில் வந்தால் 1/250. ஓடும் நீர் இழையிழையாகத் தெரிய 1/8 முதல் 1/2 நொடி வரை வேண்டும். துளையை எஃப்/22 வரை சுருக்கினால் இரண்டு படி (ஒரு படி, அதாவது ஸ்டாப், என்றால் ஒளி பாதியாகும்) கிடைக்கும், ஆனால் விளிம்பு விளைவால் (சிறு துளையின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவுவதால்) படம் முழுவதும் கூர்மை போய்விடும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் தணிப்பி.

*

> வடிகட்டி என்றால் ஒன்றை நிறுத்தி இன்னொன்றை விட வேண்டும்.

ஐயா, இதை ஏற்கிறேன். ஆனால் ‘நடுநிலை’ என்பதை முழுவதும் விட்டுவிடலாமா? மலிவான பத்துப்படிக் கண்ணாடிகள் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துவிட்டு அகச்சிவப்பை உள்ளே விடுகின்றன. நுரை பழுப்பாகிவிடும், இலையின் பச்சை செம்மை தட்டும். நடுநிலை என்பது இந்தக் கருவியின் தரத்தையே குறிக்கிறது.

இன்னொன்று, அளவு. கடையில் ஒரே கண்ணாடியை ஒருவர் என்டி8 என்பார், இன்னொருவர் அடர்த்தி எண்ணைக் கொண்டு 0.9 என்பார், மூன்றாமவர் ‘த்ரீ ஸ்டாப்’ என்பார். மூன்றும் ஒன்றே: எட்டில் ஒரு பங்கு ஒளி உள்ளே வரும். ‘எட்டு மடங்குத் தணிப்பி’ என்று வைத்தால் குழப்பம் தீரும் என்பது என் கருத்து.

*

மடங்கு வேண்டாம், படி என்றே இருக்கட்டும். ஆற்றங்கரையில் கணக்குப் போடுவது கூட்டலில்தான். ஒரு படி ஏறினால் திறப்பு நேரம் இரட்டிக்கும். 1/30 நொடியில் மூன்று படி ஏற்றினால் 1/15, 1/8, 1/4. ஆறு படி என்றால் 2 நொடி. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று மாட்டினால் ஒன்பது படி. மடங்கில் சொன்னால் எட்டை அறுபத்து நான்கால் பெருக்கி 512 என்று வர வேண்டும். ஈரக் கையோடு சாரலில் நிற்பவரிடம் அந்தப் பெருக்கலைக் கேட்கக் கூடாது. ஆகவே ‘மூன்றுபடித் தணிப்பி’, ‘ஆறுபடித் தணிப்பி’.

நடுநிலை பற்றி: நிறத்தை மாற்றுவது ‘நிற வடிகட்டி’ என்று தனியே இருக்கும்போது, தணிப்பி நிறத்தைத் தொடாது என்பது தானே விளங்கும். பழுப்பேறினால் அது குறையுள்ள தணிப்பி. ரா (RAW) கோப்பாக எடுத்து வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) திருத்தினால் ஓரளவு சரியாகும்.

பத்துப்படியைச் சுமக்க வேண்டாம் என்றும் கையேட்டில் எழுதுங்கள். மேகமூட்டத்திலேயே திறப்பு நேரம் 30 நொடியைத் தாண்டிவிடும். அருவிக்காற்றில் பக்கத்துப் பெரணி இலைகள் எல்லாம் கலைந்துபோகும், நீரும் உருவமில்லாத வெள்ளைத் திட்டாகும். அகன்று விழும் அருவிக்கு அரை நொடியே அழகு என்பேன். விழும் வேகமும் நிற்கும் தொலைவும் மாறினால் அதுவும் மாறும், எனவே 1/8, 1/4, 1/2, 1 என்று நான்கு எடுத்துத் தேர்ந்துகொள்வது நல்லது. அதையும் மீறிப் பத்துப்படி மாட்டுபவர்கள் முதலில் கண்ணாடி இல்லாமல் ஒளியை அளந்து, குவியத்தைக் கைமுறைக்கு மாற்றிப் பூட்டி, பிறகுதான் திருக வேண்டும். மாட்டிய பின் கேமராவால் குவிக்க முடியாமல் போகலாம். பழைய எஸ்எல்ஆர் என்றால் பார்வைத் துளையையும் மூட வேண்டும், பின்னாலிருந்து ஒளி கசியும்.

*

அன்பின் நண்பர்களுக்கு,

தணிப்பியும் படியும் நன்று. அப்படியென்றால் சிபிஎல் (சர்க்குலர் போலரைசர்) கண்ணாடிக்கு ‘வடிகட்டி’ என்பதை விட்டுவைக்க வேண்டும். அதிர்வுத் தளத்தைப் பார்த்து ஒளியைப் பிரிப்பதால் அது உண்மையிலேயே வடிகட்டிதான். ஒளி ஒரே தளத்தில் அதிர்வதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘தளவிளைவு’ என்கின்றன, எனவே ‘தளவடிகட்டி’.

ஒன்றுதான் கொண்டுபோகலாம் என்றால் தணிப்பியைவிட இதையே பையில் வைக்கச் சொல்வேன். நனைந்த பாறை, இலை, நீர்ப்பரப்பு ஆகியவற்றின் மினுக்கத்தை அடக்கி அடியிலிருக்கும் கூழாங்கல்லைக் காட்டும். நீர்மட்டத்துக்கு ஏறத்தாழ 37 பாகை சாய்வில் பார்க்கும்போது விளைவு மிகுதி. கூடவே ஒன்று முதல் இரண்டு படி ஒளியையும் தணித்துவிடும். வளையத்தை மெல்லத் திருப்பிப் பார்த்தே நிறுத்த வேண்டும். சாரலில் தோன்றும் வானவில் ஒரு நிலையில் பளிச்சிடும், கால் வட்டம் திருப்பினால் மறைந்தே போகும்.

வளையத்தைத் திருப்பித் தணிக்கும் அளவை மாற்றும் என்டி வகைக்கு ‘மாறுதணிப்பி’ எனலாம். உள்ளே இருப்பவை இரண்டு தளவடிகட்டிகள். அதனால்தான் அகலக்கோண லென்ஸில் உச்ச அளவுக்குத் திருப்பினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறிபோல் கருநிழல் விழுகிறது. அதன்மேல் இன்னொரு தளவடிகட்டியை மாட்டக் கூடாது.

குளிரில் வளையம் லென்ஸோடு இறுகிக்கொள்வது அடிக்கடி நடக்கும். இரு விரலால் அழுத்திப் பிடித்தால் வளையம் நீள்வட்டமாகி இன்னும் இறுகும். அகன்ற ரப்பர் பட்டையை விளிம்பைச் சுற்றிப் போட்டு, உள்ளங்கை முழுவதும் படும்படி சீராகத் திருக வேண்டும்.

*

முக்காலி பற்றி ஒரு குறிப்பு. ஓடும் நீரில் காலை ஊன்றினால் அதிர்வு மேலேறி அரை நொடிப் படத்தில் பாறையும் இரட்டையாகத் தெரியும். இயன்றவரை பாறைமேல் ஊன்றுங்கள், நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். எடைக்காகப் பையைக் கொக்கியில் தொங்கவிட்டால் காற்றில் ஆடி அதுவே அசைக்கும். பையின் அடி தரையைத் தொட வேண்டும். அழுத்தும் விரலின் அசைவு படியாமலிருக்க இரண்டு நொடித் தாமதம் வைக்கலாம். சாரல் அடிக்கும் இடத்தில் லென்ஸைத் தரைநோக்கித் தாழ்த்தி வைத்து, துடைத்த கையோடு நிமிர்த்தி எடுக்க வேண்டும். துணி இரண்டு மூன்றாவது வேண்டும், முதல் துணி சீக்கிரமே நனைந்துவிடும். பனியாறு ஊட்டும் ஓடைகளில் பிற்பகலில் உருகுநீர் ஏறும். காலையில் தாண்டிய கல் மாலையில் மூழ்கியிருக்கலாம் என்பதால், ஓடையைக் கடந்துபோய் எடுக்க வேண்டிய கோணங்களை முற்பகலிலேயே முடிக்க வேண்டும்.

சொல்லுக்கு ஒரு சோதனையும் உண்டு. 2019இல் வந்த ஒலிம்பஸ் இ-எம்1எக்ஸ் கேமரா கண்ணாடி இல்லாமலே பல படங்களை உள்ளே சேர்த்து ஐந்து படிவரை இதே விளைவைத் தருகிறது. கைமுறையாகவும் செய்யலாம்: 1/15 நொடியில் பதினாறு படம் எடுத்துச் சராசரி கண்டால் நீர் ஏறத்தாழ ஒரு நொடி ஓடியதுபோல் இருக்கும். ‘வடிகட்டி’ என்றிருந்தால் இதற்குப் பெயர் வைக்கத் திண்டாடியிருப்போம். இப்போது கருவி தணிப்பி, விளைவு தணிப்பு, இது ‘கணிப்புத் தணிப்பு’.

*

ஏற்கிறேன், ‘மடங்கு’ என்ற என் கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். பொட்டலத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட மட்டும் கையேட்டில் இந்த வரி இருக்கட்டும்: மூன்றுபடி = என்டி8 = 0.9; ஆறுபடி = என்டி64 = 1.8; பத்துப்படி = என்டி1000 = 3.0. ஒரு படிக்கு 0.3 என்று நினைவில் வைத்தால் போதும்.

மேல்பாதி மட்டும் கருத்த வகைக்குச் ‘சரிவுத்தணிப்பி’ என்று எழுதலாம். இது வானத்தை அடக்க வந்த கண்ணாடி. இருபுறமும் மலை எழும் பள்ளத்தாக்கில் அதன் கோடு சிகரங்களையும் சேர்த்து இருட்டாக்கும். அங்கே வானத்துக்கு ஒன்று, நீருக்கு ஒன்று என இரு படம் எடுத்து இணைப்பதே மேல். கையேட்டில் சொல்லை மட்டும் கொடுங்கள், சுமந்துபோகும் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.