அமெரிக்கப் பாடகர் எலியட் ஸ்மித்: கேட்டதில் இன்னும் விடாமல் அரிக்கிற இடம் எது?

நாலுதடம்:
அவருடைய முதல் தனி ஆல்பம் 'ரோமன் கேண்டில்', 1994. ஹெட்போனில் கேளுங்கள். கிட்டாரில் கார்டு (சுரக்கூட்டு) மாறும்போது கம்பியில் விரல் வழுக்குகிற அந்தக் கீச்சு, காதுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி. ஹீட்மைசர் என்ற ராக் பேண்டில் தொண்டை கிழியக் கத்தின ஆளா இது? பேண்டை விட்டு வெளியே வந்த பிறகுதான் இந்தக் குரலே பிறந்திருக்கிறது.

பழையகேசட்:
வெளியே வந்த பிறகா? வருஷத்தைப் பாருங்க. ஹீட்மைசரின் 'காப் அண்ட் ஸ்பீடர்' அதே 1994. கடைசி ஆல்பம் 'மிக் சிட்டி சன்ஸ்' 1996. அதற்குள் இவர் தனியாக இரண்டு ஆல்பம் போட்டாச்சு. கத்தலும் முணுமுணுப்பும் ஒரே சமயத்தில்தான் ஓடின. அப்புறம், நீங்க கேட்டது எந்தப் பதிப்பு? 2010 மறுவெளியீட்டில் ஒலிப்பதிவாளர் லாரி கிரேன் அந்தக் கீச்சைத் தணித்துவிட்டார், உறுத்துகிற மெய்யெழுத்துகளையும் சேர்த்து. பழைய சிடிதான் சரி. துடைத்ததில் அறையே காணாமல் போச்சு.

மரப்பெட்டி:
கீச்சைக் கும்பிடாதீங்க சார், அது பதிவுக் கோளாறு. சுற்றுக் கம்பி (மேலே மெல்லிய கம்பி சுற்றிய தடித்த கம்பி) புதுசாக இருந்தால் கத்தும். ஒரு வாரம் வாசித்துப் பழகிய கம்பியில் குறையும். விரலை இழுக்காமல் தூக்கி வைத்தால் பாதி போய்விடும். நிஜமாகக் கவனிக்க வேண்டியது இரட்டைக் குரல், அதாவது ஒரே வரியை இரண்டு தடவை பாடிச் சேர்ப்பது. நாலு தட மெஷினில் (நாலு ஒலிகளைத் தனித்தனியாகப் பதிகிற மெஷின்) கிட்டார் இரண்டு, குரல் இரண்டு, அதோடு நிரம்பியது. ஐந்தாவது ஒன்று வேணுமென்றால் மூன்று தடத்தைக் கலந்து நாலாவதில் இறக்கணும். இரைச்சல் ஏறும், மேல் ஒலி மங்கும், கலந்ததைத் திரும்பப் பிரிக்கவும் முடியாது. யாராவது செய்து பார்ப்பதென்றால்: கிட்டாருக்கு மைக்கை 12வது ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) நேராக, ஒரு ஜாண் தள்ளி. கிட்டாரின் ஓட்டைக்கு நேரே வைத்தால் குமுறும். பாடும்போது வாயிலிருந்து நாலு விரல், கொஞ்சம் பக்கவாட்டில், இல்லாவிட்டால் ஒவ்வொரு 'ப'வும் வெடிக்கும். மெல்லப் பாடினால் கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) ஏத்தணும், ஏத்தினால் ஃபேன் சத்தமும் கூடவே ஏறும். அதனால் முதலில் ஃபேனை நிறுத்துங்க. இரண்டாம் குரலில் வரி முடிவில் வரும் 'ச்', 'ட்' எல்லாவற்றையும் விழுங்கிவிடுங்க. இரண்டு தடவையும் அழுத்தினால் டிக்-டிக் என்று இரட்டையாகக் கேட்கும். முதல் குரலையே நகலெடுத்து 20 மில்லி செகண்ட் தள்ளி ஒட்டுவது சோம்பேறி வேலை, குழாய்க்குள்ளிருந்து பாடின மாதிரி வரும். இரண்டு தடவையும் பாடியே ஆகணும். அந்தச் சின்னச் சின்னப் பிசகில்தான் நெருக்கம் இருக்கு.

வெள்ளைக்கோட்டு:
யாரும் கேட்காத பாடம், ஆனாலும் நல்ல பாடம்! எனக்கு 1998 ஆஸ்கர் மேடை. 'குட் வில் ஹண்டிங்' படத்துக்கு அவர் எழுதிய 'மிஸ் மிசரி' போட்டியில் இருந்ததால் பாட வந்தார். அவ்வளவு பெரிய அரங்கம், வெள்ளைக் கோட்டு சூட்டு, ஒரு கிட்டார். பாட்டை வெட்டிச் சுருக்கிப் பின்னால் ஆர்கெஸ்ட்ராவையும் சேர்த்துவிட்டார்கள். அதையும் மீறி அந்தக் குரல் தணிந்தேதான் வந்தது. விருது போனது 'டைட்டானிக்' பாட்டுக்கு. அதே வருஷம் அவருடைய 'எக்ஸ்ஓ' ஆல்பம், ட்ரீம்வொர்க்ஸ் வெளியீடு: பியானோ, டிரம்ஸ், வயலின் கூட்டம். ராக்கிலிருந்து அகூஸ்டிக்குக்கு (மின்கருவி இல்லாத மெல்லிசைக்கு) போனார் என்று நேர்கோடு போடுகிறவர்கள் அந்த ஆல்பத்தை எங்கே வைப்பார்களோ தெரியாது.

நாலுதடம்:
வருஷக் கணக்கு என் தப்பு, ஒத்துக்கிறேன். மரப்பெட்டி சார், கீச்சு விஷயத்தில் மட்டும் மாட்டேன். 2010 பதிப்பையும் பழையதையும் ஒரே சத்த அளவில் வைத்து மாற்றி மாற்றிக் கேளுங்க, பிறகு பேசலாம்.