சொந்தங்கள் குழு: கண் டெக்னீஷியன் படிப்பு

[மாலை 6:12] சாந்தி: பவித்ராவுக்குக் கண் டெக்னீஷியன் படிக்கணுமாம். பிளஸ் டூ பயாலஜி குரூப். ஒரு நோட்டீஸ் வந்திருக்கு, ஆறு மாசத்துல சர்டிஃபிகேட்னு போட்டிருக்கான். சேத்து விடலாமா மாமா?

[மாலை 6:15] முருகேசன்: வேண்டாம்மா. 2021ல மத்திய அரசு துணை மருத்துவப் படிப்புகளுக்குத் தனிச் சட்டம் போட்டாச்சு. அதுப்படி டெக்னீஷியன்னா குறைஞ்சது 2000 மணி நேரம் படிச்சிருக்கணும், அதுவும் 2 முதல் 4 வருஷத்துல. ஆறு மாசம் ராத்திரி பகலா படிச்சாலும் சட்டம் ஒத்துக்காது.

[மாலை 6:16] முருகேசன்: சேர்றதுக்கு முன்னாடி ரெண்டே கேள்வி கேளு. சர்டிஃபிகேட்ல மொத்த மணி நேரம் அச்சாகுமா? லாக்புக்ல (செஞ்ச டெஸ்ட்டை எல்லாம் பதியற நோட்டு) எத்தனை ரிஃப்ராக்‌ஷன் (கண்ணாடிப் பவர் பாக்கறது) எழுதிக் கையெழுத்து வாங்கணும்? மழுப்பினா எந்திரிச்சு வந்துடு.

[மாலை 6:21] சுகந்தி: அக்கா, பி.எஸ்சி. ஆப்டோமெட்ரி வேற, டெக்னீஷியன் வேற. ஆப்டோமெட்ரி நீளமான டிகிரிப் படிப்பு, கடைசி வருஷம் ஆஸ்பத்திரியில இன்டர்ன்ஷிப். முடிச்சா கண்ணாடிப் பவரை அவங்களாவே எழுதிக் குடுக்கலாம். டெக்னீஷியன் அளந்து குடுக்கணும், முடிவு டாக்டரோடது. மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில பிளஸ் டூ முடிச்ச பொண்ணுங்களுக்கு 2 வருஷப் பயிற்சி இருக்கு, உதவித்தொகையும் உண்டு. செலவு பண்ண முடியும்னா நான் ஆப்டோமெட்ரிதான் சொல்லுவேன். சீக்கிரம் சம்பாதிக்கணும்னா ரெண்டு வருஷப் படிப்பு.

[மாலை 6:24] ராஜேந்திரன்: சுகந்தி, எனக்கு இடது கண்ணுல தண்ணியா வடியுது. என்ன சொட்டு போடலாம்?

[மாலை 6:25] சுகந்தி: பெரியப்பா, நீங்களா எதையும் ஊத்தாதீங்க. கண்ணீர்ப் பாதை அடைச்சிருக்கான்னு சலைன் விட்டுப் பாப்பாங்க. தொண்டையில உப்புக் கரிச்சா பாதை திறந்திருக்குன்னு அர்த்தம். நாளைக்கே போய்க் காட்டுங்க.

[மாலை 6:27] பவித்ரா: சித்தி, டெக்னீஷியன் அளக்கறதுன்னா என்னென்ன?

[மாலை 6:34] சுகந்தி: எந்த டெஸ்ட்டுக்கு அப்புறம் எந்த டெஸ்ட்ங்கறதுதான் முக்கால்வாசித் தொழில். முதல்ல பார்வை. 6 மீட்டர் தூரத்துல சார்ட், ஒவ்வொரு கண்ணா. மறைக்கிற கண்ணை உள்ளங்கையால மூடச் சொல்லு. விரலால மூடினா இடுக்கு வழியா படிச்சிடுவாங்க. பார்வை குறைஞ்சா பின்ஹோல் (சின்ன ஓட்டை போட்ட தட்டு) வெச்சுப் பாரு. அதுல எழுத்து தெளிஞ்சா பெரும்பாலும் கண்ணாடி போட்டா சரியாகற கோளாறு. தெளியலைன்னா டாக்டருக்கு அங்கயே ஒரு குறிப்பு.

[மாலை 6:36] சுகந்தி: அப்புறம் பிரஷர், அதாவது கண்ணுக்குள்ள இருக்கற அழுத்தம். அதுக்கும் அப்புறம்தான் பியூப்பிலை (கண்ணு நடுவுல இருக்கற கறுப்புத் துவாரம்) விரிக்கிற சொட்டு. டார்ச்சை ரெண்டு கண்ணுக்கும் மாத்தி மாத்தி அடிச்சுப் பியூப்பில் சுருங்குறதைப் பாக்கறதும் சொட்டுக்கு முன்னாடியே. விரிஞ்ச பிறகு அடிச்சா அது சுருங்காது, நரம்புக் கோளாறு இருந்தாலும் தெரியாம போயிடும்.

[மாலை 6:38] முருகேசன்: சொட்டு விடறதுக்கு முன்னாடி காதுப் பக்கத்துல இருந்து டார்ச் அடி பவித்ரா. மூக்குப் பக்கத்து ஐரிஸ்ல (பியூப்பிலைச் சுத்தி இருக்கற நிறத் திரை) நிழல் விழுந்தா முன் அறை, அதாவது கருவிழிக்கும் ஐரிஸுக்கும் நடுவுல இருக்கற இடம், ஆழம் கம்மி. அந்தக் கண்ணை விரிச்சா பிரஷர் திடீர்னு ஏறலாம். டாக்டரைக் கேக்காம பாட்டிலைத் திறக்காதே. பி.பி., இதயக் கோளாறு இருக்கான்னும் கேளு, ஃபினைலெஃப்ரின்னு பியூப்பிலை விரிக்கிற மருந்து கலந்த சொட்டுக்கு அது முக்கியம்.

[மாலை 6:41] கார்த்திக்: ஒரு சொட்டு போதும் பவி. கண்ணுல அதுக்கு மேல தங்காது, மிச்சம் கன்னத்துல வழியும். விட்டதும் மூக்கோரத்துல ஒரு விரல் வெச்சு அழுத்தச் சொல்லு.

[மாலை 6:42] பவித்ரா: இதுல எது மாமா கஷ்டம்?

[மாலை 6:47] சுகந்தி: நான் சொல்றேன். ஏ-ஸ்கேன், அதாவது ஒலி அலையால கண்ணோட நீளத்தை அளக்கறது. கண்புரை ஆபரேஷன்ல வெக்கிற லென்ஸோட பவர் அதை வெச்சுத்தான் வருது. பழைய சூத்திரம் ஒண்ணு இருக்கு, இப்ப புதுசு நிறைய வந்தாச்சு, ஆனா புரிஞ்சுக்க இதுதான் லேசு: லென்ஸ் எண்ணுல (அந்த லென்ஸ் ரகத்துக்குன்னு குடுத்த எண்) இருந்து கண் நீளத்தை 2.5ஆல பெருக்கிக் கழி, கெரட்டோமீட்டர் (கருவிழி வளைவை அளக்கிற கருவி) அளவை 0.9ஆல பெருக்கிக் கழி. லென்ஸ் எண் 118.4, நீளம் 23.5 மி.மீ., கெரட்டோமீட்டர் 44ன்னா என்ன வரும்?

[மாலை 6:50] பவித்ரா: 118.4 − 58.75 − 39.6 = 20.05

[மாலை 6:52] சுகந்தி: இப்ப ப்ரோபை (கருவிழியைத் தொடுற ஸ்கேன் முனை) கொஞ்சம் அழுத்திட்டேன்னு வெச்சுக்கோ. கருவிழி அமுங்கி நீளம் 23.1னு காட்டுது. பவர் 21.05. ஒரு டயாப்டர் (பவரோட அலகு) கூட. ஆபரேஷன் சுத்தமா முடிஞ்சிருக்கும், ஆனா அவங்களுக்குத் தூரத்துப் பார்வை மங்கலா இருக்கும். அளவெடுத்தது யாருன்னுதான் தேடுவாங்க.

[மாலை 6:53] பவித்ரா: அழுத்தினேன்னு எப்படித் தெரியும்?

[மாலை 6:56] சுகந்தி: திரையில முன் அறை ஆழத்தைப் பாரு. ஒரே கண்ணுல ஒரு ரீடிங்ல மட்டும் அது குறைஞ்சா அழுத்தியிருக்கே, அதைத் தூக்கிப் போடு. ரெண்டு கண்ணுக்கும் நீள வித்தியாசம் 0.3 மி.மீ.க்கு மேலன்னா மறுபடி எடு. அப்புறம், கெரட்டோமீட்டர் எப்பவும் ஏ-ஸ்கேனுக்கு முன்னாடி. மரப்பு மருந்து விட்டு ப்ரோப் தொட்ட கருவிழியில கெரட்டோமீட்டரோட வளையம் கலங்கித் தெரியும்.

[மாலை 7:02] முருகேசன்: ரெட்டினோஸ்கோப்ல (கண்ணுக்குள்ள ஒளி அடிச்சுப் பவர் பாக்கற கருவி) பிள்ளைங்க தவறுறது தூரத்துல. 66 செ.மீ.ல உக்காந்தா கிடைச்ச பவர்ல இருந்து 1.50 டயாப்டர் கழிக்கணும், 50 செ.மீ.ன்னா 2.00. நிழல் சரியா தெரியலைன்னு முன்னாடி சாய்ஞ்சிட்டு, பழக்கதோஷத்துல 1.50 மட்டும் கழிப்பாங்க. அரை டயாப்டர் ப்ளஸ் கூடிடும். ஆரம்பத்துல நூல் கட்டி அளந்துக்கோ, வெக்கப்படாதே.

[மாலை 7:05] கார்த்திக்: பிரஷர் பாக்கறப்போ கண்ணைத் தொடுற ப்ரிசத்தை ஆல்கஹாலால துடைச்சா நல்லா காய விடணும். ஈரத்தோட வெச்சா கருவிழி மேல்தோல் உரியும். அக்கா, அமெரிக்காவுல இதே வேலைக்கு சிஓஏ, சிஓடி, சிஓஎம்டின்னு மூணு படி சான்றிதழ். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை தொடர்கல்வி காட்டிப் புதுப்பிக்கணும். அதெல்லாம் பிறகு, முதல்ல இவ கை பழகட்டும்.

[மாலை 7:08] சுகந்தி: பவித்ரா, ஒரே கண்ணாடிப் பவரை வேற வடிவத்துல மாத்தி எழுதறது எல்லாப் பரீட்சையிலயும் வரும். முதல் எண் ஸ்ஃபியர், ரெண்டாவது சிலிண்டர், × போட்டது ஆக்சிஸ் கோணம். ஸ்ஃபியரையும் சிலிண்டரையும் கூட்டு, சிலிண்டர் குறியை மாத்து, ஆக்சிஸை 90 நகத்து. −1.50 / −0.75 × 170 மாத்து பாப்போம்.

[மாலை 7:11] பவித்ரா: −2.25 / +0.75 × 260

[மாலை 7:11] சுகந்தி: ட்ரையல் ஃப்ரேம்ல (லென்ஸை மாட்டிப் பாக்கற ஃப்ரேம்) 260 எங்க இருக்கு? 180ஓட முடிஞ்சிடும்.

[மாலை 7:12] பவித்ரா: அய்யோ. 90 கழிக்கணும். × 80.

[மாலை 7:13] சுகந்தி: 👍 அடுத்தது, +2.00 / −1.00 × 180.